யோகா வகுப்பில் கண்ணைத் திறந்தவன்

சென்ற ஆண்டு திருப்பூரில் ஒரு யோகா வகுப்பில், எல்லோரும் கண்ணை மூடிப் படுத்திருந்த நேரத்தில் நான் மட்டும் கண்ணைத் திறந்து பார்த்தேன். பார்த்ததாக நினைத்ததை வெளியே போய்ச் சொன்னேன். அது பொய். அந்தப் பொய்யால் சரஸ்வதி என்ற பெண்மணியின் பெயர் கெட்டது. அவர் அந்த வகுப்புக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

அப்போது எனக்கு எழுபத்திரண்டு வயது. முப்பத்து நான்கு ஆண்டுகள் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன். கண்ணால் கண்டதைக்கூட அளந்து பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று மாணவர்களை விரட்டியவன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

இந்த ஆண்டு ஆடி மாதம் மறுபடியும் திருப்பூருக்குப் போய் நான்கு நாள் இருந்துவிட்டு வந்தேன். மகள் கவிதா அங்கே பனியன் கம்பெனிகளில் தரச் சோதனை செய்யும் வேலையில் இருக்கிறாள். அவளுக்கு நார்த்தங்காய் ஊறுகாய் கொண்டுபோகிறேன் என்று பாளையங்கோட்டையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஊறுகாய் ரயிலிலேயே என்னைக் காட்டிக்கொடுத்தது. பாதி வழியில் ஜாடியின் மூடி நெகிழ்ந்து, எதிர் இருக்கையில் இருந்த அம்மாளின் பையின் மேல் எண்ணெய் சொட்டியது. எங்கள் ஊர்ப்பக்கமாக இருந்தால், "யோவ் பெரியவரே, என்னத்தய்யா கொண்டாந்தீரு?" என்று பெட்டியே திரும்பிப் பார்க்கும்படி கேட்டிருப்பார்கள். அந்த அம்மாள் மெதுவாக என் பக்கம் குனிந்து, "ஏனுங்க, உங்க பையில எண்ணெ ஒழுகுதுங்களாட்ட இருக்குதுங்க" என்றார். அவருடைய பைதான் பாழாகியிருந்தது. அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. தன் பையிலிருந்து ஒரு பிடி வெள்ளைப் பனியன் துணித்துண்டுகளை எடுத்து என்னிடம் கொடுத்தார். திருப்பூர்க்காரர்களிடம் கைக்குட்டை இல்லாமல் இருக்கலாம், பனியன் துண்டு இல்லாமல் இருக்காது.

துடைத்துக்கொண்டே யோசித்தேன். சென்ற ஆண்டு இந்த மரியாதையைத்தான் நான் தப்பாகப் புரிந்துகொண்டேன்.

ஸ்டேஷனுக்குக் கவிதா ஸ்கூட்டரில் வந்திருந்தாள். ஜாடியை வாங்கி முன்னால் வைத்துக்கொண்டு, "ஊறுகாய்க்காகவா இம்புட்டு தூரம் வந்திய?" என்று கேட்டாள்.

"ஆமா."

"சரி. எனக்குத் தெரியும்ப்பா, ஏறுங்க."

வீட்டில் அரிசியும் பருப்பும் சேர்த்து ஆக்கிய சோறு சுடச்சுட இருந்தது. மேலே தேங்காயெண்ணெய் விட்டுத் தயிரும் அப்பளமுமாகச் சாப்பிடுவது இங்கே வழக்கம். எங்கள் ஊரில் கல்யாண மறுவீட்டுக்கு வைக்கிற தேங்காய்ப்பால் சொதி போலச் சடங்கு எதுவும் இல்லை. வேலை முடிந்து நிற்கவும் முடியாமல் வருகிறவர்கள் ஒரே பாத்திரத்தில் ஆக்கி ஒரே தட்டில் முடித்துக்கொள்கிற சாப்பாடு. இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

சென்ற ஆண்டு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அப்போது ஒரு மாதம் தங்கியிருந்தேன். முதுகு பிடித்துக்கொண்டதால் கவிதா என்னைத் தெருக்கோடியில் இருந்த யோகா வகுப்பில் சேர்த்துவிட்டாள். அது பழைய நிட்டிங் ஷெட். துணி பின்னும் மெஷின்களை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, உரிமையாளர் தங்கவேலு அந்த இடத்தைக் காலையில் ஒரு மணி நேரம் வகுப்புக்கு விட்டிருந்தார். ஆறிலிருந்து ஏழு வரை. எட்டரைக்குக் கம்பெனிகளில் மணி அடித்துவிடும். டெய்லர்கள், செக்கிங் செக்‌ஷன் பெண்கள், ஓய்வு பெற்றவர்கள் என்று முப்பது பேர் வருவார்கள். பாதிப் பேரின் விரிப்பு, நாலாக மடித்துத் தைத்த தடித்த பனியன் துணி.

புதிதாகக் கூட்டு யோகா வகுப்புக்குப் போகிறவர்கள் என்னென்ன செய்யக் கூடாதோ அத்தனையும் நான் முதல் வாரத்திலேயே செய்து முடித்தேன். முதல் நாள் பத்து நிமிடம் தாமதமாகப் போனேன். போனவன் கடைசியில் உட்காராமல், நல்ல இடம் தேடி மூன்று பேருடைய விரிப்புகளின் மேல் நடந்தேன். அடுத்தவர் விரிப்பில் கால் படக் கூடாது. முகம் வைத்துக் குப்புறப் படுக்கிற துணி அது. நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போயிருந்ததால், குனியும்போதெல்லாம் ஏப்பம். எல்லோரும் மூச்சை இழுத்து நிறுத்தியிருந்த நேரத்தில் என் போனில் சேவல் கூவியது. பேத்தி வைத்துவிட்ட சத்தம்.

வகுப்பு முடிந்ததும் டீச்சர் என்னிடம் வந்தார். நாற்பது வயதிருக்கும், அதிகம் பேசாதவர். "ஐயா, நாளைக்கு வெறும் வயித்துல வாங்க. ஒரு அஞ்சு நிமிஷம் முன்னாடி வந்தீங்கன்னா சௌரியமா இருக்குமுங்க" என்றார். அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் பக்கத்து டெய்லரோடு போட்டி போட்டுக் காலைத் தொடப் போய்த் தொடை நரம்பைப் பிடித்துக்கொண்டேன். மூன்றாம் நாள், முழங்காலை மடக்கியிருந்த ஒருவரிடம், "நேரா வைங்க, நேரா" என்று பாடம் நடத்தினேன். அவர் முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. அவரும், "சரிங்க ஐயா" என்றார். யாருமே என்னைக் கடிந்துகொள்ளவில்லை. என்னை எல்லோருக்கும் பிடித்துவிட்டது என்று நம்பினேன்.

கடைசிப் பத்து நிமிடம் சவாசனம். மல்லாந்து கண்ணை மூடிக் கிடக்க வேண்டும். டீச்சர் தாழ்ந்த குரலில், "மெல்ல வலது பக்கமாத் திரும்பி எந்திரிக்கலாமுங்க" என்று சொல்லும்வரை யாரும் அசையக் கூடாது. எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. பரீட்சைக் கூடத்தில் முப்பது வருடம் கண்காணித்த கண்கள், மூடச் சொன்னால் மூடவில்லை. ஒருநாள் அந்தப் பத்து நிமிடம் முடிகிற நேரத்தில் தலையைச் சற்றுத் தூக்கிப் பார்த்தேன். முன்வரிசையில் படுத்திருந்த பெண்மணியின் கை, பக்கத்தில் படுத்திருந்த ஆணின் மணிக்கட்டுக்குப் போயிற்று. அவர் சட்டென்று விழித்து எழுந்தார்.

அந்தப் பெண்தான் சரஸ்வதி. நாற்பத்தைந்து வயதிருக்கும், செக்கிங்கில் வேலை. கணவர் இல்லை, மகன் உண்டு. அந்த ஆண் நாச்சிமுத்து, அறுபதைத் தாண்டியவர். அடுத்த இரண்டு நாளும் கண்ணைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன். அதே கை, அதே மணிக்கட்டு. ஒரு சோதனையை மூன்று முறை செய்து பார்த்துவிட்ட திருப்தி எனக்கு. ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். வகுப்பில் நான் கண்ணாடியைக் கழற்றித் தலைமாட்டில் வைத்துவிடுவேன். கண்ணாடி இல்லாவிட்டால் நாலடிக்கு அப்பால் எல்லாமே எனக்குப் புகைதான்.

வகுப்பு முடிந்ததும் ஆண்கள் ஆறேழு பேர் எதிரிலுள்ள பேக்கரிக்கு டீ குடிக்கப் போவார்கள். இங்கே டீக்கடை என்பது பேக்கரிதான். கண்ணாடிப் பெட்டி நிறையப் பஃப்ஸும் தேங்காய் பன்னும் இருக்கும். நானும் கூடவே போய் ஓரமாக நிற்பேன். அவர்கள் நூல் விலை, ஆர்டர், சாயமேற்றும் டையிங் என்று பேசுவார்கள். எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. அன்றைக்கு இருந்தது.

"உங்க ஊர்ல சவாசனம்னா கையப் பிடிச்சுக்கிட்டுத்தான் சாவாங்களோ?" என்றேன். யார் யார் என்றும் சொன்னேன்.

சிரித்தார்கள். டீ புரையேறச் சிரித்தார்கள். அந்த ஊரில் நான் சொல்லி நாலு பேர் சிரித்தது அதுவே முதல் தடவை. மறுநாள் கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன்.

அந்த வார முடிவில் ஊர் திரும்பிவிட்டேன். ஒரு மாதம் கழித்துக் கவிதா போனில் பேசினாள். குரலே சரியில்லை. "அப்பா, அந்த நாச்சிமுத்து அண்ணாச்சி முப்பது வருஷம் நிட்டிங் மெஷின் பக்கத்துல நின்னவரு. காது கேக்காது. படுக்கும்போது காது மிஷின் கீச்சுன்னு கத்தும்னு கழத்தி வச்சிருவாரு. கண்ணை மூடிட்டா வகுப்பு முடிஞ்சது அவருக்கு எப்படித் தெரியும்? அந்த அக்காதான் தட்டி எழுப்புவாங்க. நீங்க என்னப்பா சொல்லிட்டு வந்திய?"

பேச்சு பேக்கரியிலிருந்து சரஸ்வதியின் மகன் வேலை செய்கிற பிரிண்டிங் கம்பெனிவரை போயிருந்தது. அவன் அம்மாவைப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டான். வகுப்பில் ஆண்களையும் பெண்களையும் பிரித்து இடைவெளி விட்டுவிட்டார்கள். எழுப்ப ஆளில்லாத நாச்சிமுத்து, ஒருநாள் எல்லோரும் எழுந்து விரிப்பைச் சுருட்டிய பிறகும் படுத்தே கிடந்தார். கண் திறந்தபோது சுற்றிலும் நின்றவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவரும் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

இந்த ஆண்டு நான் வந்த இரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஆறு மணிக்குப் பத்து நிமிடம் முன்னால் வெறும் வயிற்றோடு ஷெட்டுக்குப் போனேன். தரையில் நீளவாக்கில் ஒரு அகலமான டேப் ஒட்டியிருந்தது. இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். என் கையெழுத்தைச் சுவரில் பெரிதாக எழுதி வைத்ததுபோல் இருந்தது.

வகுப்பு முடிந்ததும் டீச்சரிடம் போனேன். தவறு செய்துவிட்டேன், சரஸ்வதி நாச்சிமுத்துவின் கையைத் தொட்டது எதற்கென்று இப்போதுதான் தெரியும் என்றேன்.

டீச்சர் தன் விரிப்பைச் சுருட்டிக் கட்டினார். பிறகு, "கை படவே இல்லீங்க ஐயா" என்றார். "நிட்டிங்ல மெஷின் சத்தத்துக்குக் கூப்பிட்டாக் கேக்காதுங்களே? அங்கெல்லாம் ஒரு துணித்துண்டச் சுருட்டித் தோள்ல தட்டுவாங்க. சரஸ்வதிக்காவும் அதேதானுங்க பண்ணுச்சு. பனியன் கழுத்துக்கு வெக்கற ரிப் துணி ஒரு சாண் வச்சிருக்கும். அதோட நுனியிலதான் தட்டும்."

"நீங்க அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"எங்கிட்ட யாருங்க கேட்டாங்க?"

சரஸ்வதியின் வீடு தெரியுமா என்று கவிதாவிடம் கேட்டேன். "மினிபஸ்ல ரெண்டே ஸ்டாப்பு" என்றாள். நான் எதிர்த்திசைப் பஸ்ஸில் ஏறிவிட்டேன். நிற்க இடமில்லை. என்னை முழங்கையால் தள்ளிக்கொண்டே கண்டக்டர், "கொஞ்சம் உள்ள போங்க சாமி, இன்னுங் கொஞ்சம் போங்க சாமி" என்று கெஞ்சினார். வடக்கத்தித் தொழிலாளர்கள் இருவர் என் தலைக்கு மேலே இந்தியில் காரசாரமாகப் பேசிக்கொண்டார்கள். ஏதோ சண்டை என்று பயந்தேன். பக்கத்தில் நின்ற பெண் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தாள்: "ஒருத்தர், இங்க எல்லாத்துலயும் தேங்கா போடறாங்கன்றாருங்க. இன்னொருத்தர், உங்கம்மா எல்லாத்துலயும் கடுகெண்ணெ ஊத்தறாங்களே, அதுக்கு என்ன சொல்றேன்றாரு."

காற்றாடக் கீழே இறங்கியபோது எங்கும் டங் டங்கென்று தகரமும் பித்தளையும் அடிக்கிற சத்தம். அனுப்பர்பாளையம். பாத்திரக் கடை வாசலில் இருந்தவரிடம் வழி கேட்டேன். "நீங்க போகோணுங்கற எடம் நீங்க ஏறுன எடத்துக்குப் பக்கமுங்களே!" என்று ஆச்சரியப்பட்டு, தண்ணீர் கொடுத்து, வண்டியில் ஏற்றிப் பஸ் நிறுத்தத்தில் விட்டுவிட்டுப் போனார். கால் மணி நேரத்தில் நடந்து போயிருக்க வேண்டிய வீட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்துப் போய்ச் சேர்ந்தேன். இடையில் இரண்டு முறை ஊருக்கே போய்விடலாம் என்று தோன்றியதையும் மறைக்க விரும்பவில்லை.

ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஆறு வீடுகள். மாடியில் ஐந்தாவது. சரஸ்வதி கீழே குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "வாங்க ஐயா. நல்லா இருக்கீங்களா? மேல வாங்க" என்றார். படியில் எனக்கு முன்னால் ஏறினார். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறினார். கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைத்திருந்தது. காலை எட்டரையிலிருந்து இரவு எட்டுவரை நின்றே துணியைப் புரட்டிப் பார்க்கிற வேலை. வகுப்புக்கு வந்த நாட்களில் அவர் விரைந்து நடந்து வந்தது எனக்கு நினைவிருக்கிறது.

நாற்காலியைத் துடைத்துப் போட்டார். தண்ணீர் கொடுத்தார். நான் வழியெல்லாம் மனத்துக்குள் எழுதிவைத்திருந்ததைச் சொன்னேன். கண்ணாடி போடாமல் பார்த்ததையும், சிரிப்பு வாங்குவதற்காகச் சொன்னதையும், மறுநாள் கூட்டிச் சொன்னதையும்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

"இல்லம்மா, பெரிய தப்பு."

"உடுங்க ஐயா. ஒண்ணுமில்லீங்க. டீ வெக்கட்டுங்களா?"

இரண்டு முறையும் ஒன்றுமில்லை என்றார். இனி என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்தேன். வாசலுக்கு வந்தபோது அவராகப் பேசினார்.

"ஐயா, ஒண்ணு சொன்னா தப்பா நெனச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லும்மா."

"நான் தப்புப் பண்ணலீன்னு எங்கூட்டுக்கு வந்து எங்கிட்டச் சொல்றீங்க. அது எனக்குத் தெரிஞ்ச சமாச்சாரந்தானுங்களே? தெரியாதவிங்கல்லாம் பேக்கரியில இருக்கறாங்க."

அதே மரியாதை. அதே தாழ்ந்த குரல். எங்கள் ஊரில் ஒரு பெண் விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தால்கூட எனக்கு இப்படி வலித்திருக்காது.

அந்த நேரம் மகன் பிரபு படியேறி வந்தான். இருபத்தைந்து வயதிருக்கும், கையில் ஹெல்மெட்.

"யாருங்கம்மா?"

"யோகாவுல இருந்த ஐயா."

"ஓ. அவருங்களா." என்னை ஏற இறங்கப் பார்த்தான். "எங்க கம்பெனில ஒரு வாரம் என்னைய என்னன்னு கூப்பிட்டாங்கன்னு தெரியுங்களா உங்களுக்கு?"

"கண்ணு, போதும்" என்றார் சரஸ்வதி.

அவன் ஹெல்மெட்டை ஆணியில் மாட்டினான். அடுத்த நாள் காலை ஏழேகாலுக்குப் பேக்கரிக்குப் போகிறேன் என்று இருவருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு இறங்கினேன்.

திங்கட்கிழமை வகுப்பில் எனக்கு ஒரு ஆசனமும் படியவில்லை. பேக்கரியில் தங்கவேலுவும் இன்னும் ஐந்து பேரும் நின்றார்கள். டீ வந்தது. நான் தொண்டையைச் செருமி, "போன வருஷம் இதே இடத்துல நான் ஒண்ணு சொன்னேன்" என்று தொடங்கினேன்.

"ஐயாவுக்குச் சக்கரை கம்மியாங்க?" என்று டீ மாஸ்டர் கேட்டார்.

"ஏதோ ஒண்ணு போடுங்க" என்றேன். மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. "சரஸ்வதியம்மாவையும் நாச்சிமுத்துவையும் பத்தி நான் சொன்னது பொய். அந்தம்மா கை அவர்மேல படலை. காது கேக்காதவரத் துணியால தட்டி எழுப்பினாங்க. நான் கண்ணாடி போடாமப் பாத்தேன். நீங்க சிரிக்கணும்னு சொன்னேன்."

உள்ளே பஃப்ஸ் தட்டு சரிந்து விழுகிற சத்தம் கேட்டது. முழங்கால் ஆபரேஷன்காரர்தான் முதலில் வாய் திறந்தார்.

"இனிமே ஐயா கண்ணாடி போட்டுருந்தாத்தான் பேசவே உடோணும்."

இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குச் சேர வேண்டியதுதான்.

"உடுங்க சாமி" என்றார் தங்கவேலு. "பழைய கதை. நாங்க அப்பவே மறந்துட்டமுங்க."

"மறக்கலை. உங்க ஷெட்டுல தரையில ஒட்டி வச்சிருக்கீங்க."

தங்கவேலு டம்ளரைக் கீழே வைத்தார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். அவர் தன் ஆட்களைப் பார்த்து, "சொன்னவரு ஒருத்தருங்க. சிரிச்சது நாம ஆறு பேரு. கம்பெனி கம்பெனியாக் கொண்டுபோனது ஆருன்னு எனக்குத் தெரியும், கேக்க மாட்டேன்" என்றார். ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போதுதான் பிரபுவைப் பார்த்தேன். ரோட்டோரத்தில் பைக்கை நிறுத்தி அதன்மேலேயே உட்கார்ந்திருந்தான். எல்லாம் கேட்கிற தூரம். நான் அவனிடம் போனேன்.

"ஐயா, நீங்க ஊருக்குப் போயிருவீங்க" என்றான். "எங்கம்மா இங்கதானுங்களே இருக்கோணும்?" பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

இன்னும் ஒருவர் பாக்கி. அன்று மதியமே நாச்சிமுத்துவின் வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் கட்டிலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். காதில் மிஷின் இல்லை. நான் தாழ்ந்த குரலில் விஷயத்தைச் சொன்னேன்.

"என்னங்க?" என்றார்.

சற்று உரக்கச் சொன்னேன்.

"ஏனுங்க? சத்தமாச் சொல்லுங்க, காது கொஞ்சம் மந்தம்."

கத்தினேன். நான் உங்களையும் சரஸ்வதியையும் பற்றித் தப்பாகப் பேசினேன் என்று தெருவே கேட்கும்படி கத்தினேன். எதிர்வீட்டில் ஒருத்தி கதவைத் திறந்து பார்த்தாள். உள்ளேயிருந்து அவர் மனைவி கரண்டியோடு வந்து நின்றார். நாச்சிமுத்து, "இருங்க, இருங்க" என்று உள்ளே போய்க் காது மிஷினை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"இப்பச் சொல்லுங்க."

மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கீரைக் காம்பைக் கையில் பிடித்தபடியே கேட்டார்.

"அதுக்குத்தான் அந்தப் புள்ள வராமப் போச்சுங்களா? நானென்னமோ என்ர கொறட்டை தாங்காமப் போயிருச்சுன்னு நெனச்சிட்டிருந்தேன்."

"கொறட்டைக்குப் போறதுன்னா நானல்ல மொதல்ல போயிருப்பேன்?" என்றார் மனைவி. பிறகு என் பக்கம் திரும்பி, "அன்னைக்கு இவரச் சுத்தி நின்னு சிரிச்சாங்களாமுங்க. ஊட்டுக்கு வந்து ரெண்டு நாள் சரியாச் சோறு உண்ணலை. எதுக்குச் சிரிச்சாங்கன்னு எங்கிட்டக் கேட்டுட்டே இருந்தாரு" என்றார். அவர் குரலில் சிரிப்பு இல்லை.

நான் கிளம்பும்போது நாச்சிமுத்து ஒரு வார்த்தைதான் சொன்னார். "என்னைய உடுங்க. அந்தப் புள்ளை வரோணும்."

செவ்வாய்க்கிழமை எனக்குக் கடைசி நாள். ஆடிக்காற்று ஷெட்டின் தகரத்தைத் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே போனபோது டேப் இல்லை. உரித்த இடத்தில் பசை மட்டும் கறுப்பாக அழுக்குப் பிடித்து நீண்டு கிடந்தது. தங்கவேலு மண்டியிட்டு, ஒரு துணியில் மண்ணெண்ணெய் நனைத்து அதைத் தேய்த்துக்கொண்டிருந்தார். முழுதாகப் போகவில்லை.

நான் கடைசி வரிசையில் சுவரோரமாக விரித்தேன். நாச்சிமுத்து வந்து முன்வரிசையில் தன் பழைய இடத்தில் விரித்தார். ஆறு மணி ஆயிற்று. டீச்சர் தொடங்காமல் வாசலைப் பார்த்தார். சரி, சரஸ்வதி வரப்போவதில்லை என்று அவர் தொடங்குவதற்குக் கையைக் கூப்பியபோது வெளியே பைக் வந்து நின்றது.

சரஸ்வதி தாமதமாக வந்தவர் என்றாலும், என்னைப் போல் யாரையும் தாண்டிக்கொண்டு போகவில்லை. ஓரமாகவே நின்றார். முன்வரிசையில் அவருடைய பழைய இடத்தில் இளம்பெண் ஒருத்தி விரித்திருந்தாள். அவள் திரும்பிப் பார்த்து, ஒரு சொல்லும் பேசாமல் தன் விரிப்பை இரண்டடி இழுத்துக்கொண்டாள். அவளுக்கு அடுத்தவளும் இழுத்தாள். வரிசை முழுவதும் மெல்ல நகர்ந்து ஓர் ஆள் அகலம் உண்டாயிற்று. சரஸ்வதி போய் உட்கார்ந்தார். முழங்காலை மடக்கும்போது முகத்தைச் சுளித்தார். பல மாதம் விட்டுப்போன உடம்பு.

வகுப்பு முழுவதும் பிரபு வாசலுக்கு வெளியே பைக்கிலேயே உட்கார்ந்திருந்தான். ஹெல்மெட் மடியில் இருந்தது. வாசல் வழியாக எங்கள் எல்லோரையும் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தான். சவாசனம் முடிந்து நான் கண்ணைத் திறந்தபோது நாச்சிமுத்து எழுந்து உட்கார்ந்திருந்தார்.

ஏழு மணிக்கு ஆண்கள் அவனைக் கடந்துதான் வெளியே போக வேண்டியிருந்தது. மற்றவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார்கள். தங்கவேலு மட்டும் நின்று, "டீ குடிக்கலாம் வா கண்ணு" என்றார். அவன், "வேணாமுங்க" என்றான். அதிலும் மரியாதை குறையவில்லை.

சரஸ்வதி விரிப்பைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். என் அருகே வந்ததும் நின்றார்.

"ஊருக்கு எப்பங்க?"

"இன்னைக்குத்தாம்மா."

"பாத்துச் சூதானமாப் போங்க ஐயா."

தண்ணீர் கொடுத்தபோதும் இதே முகம்தான். மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கும் உரிமையும் எனக்கு இல்லை. அவர் என்னைக் கடந்து மகனிடம் போனார். அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, வண்டியைத் திருப்பி நிறுத்தினான்.

"நாளைக்கும் நானே கொண்டாந்து உடட்டுங்களாம்மா?"

சரஸ்வதி பின்னால் ஏறி உட்கார்ந்து, புடவையை ஒதுக்கிக்கொண்டார்.

"வேண்டாங்கண்ணு. நீ வேலைக்குப் போ. நாளைக்கு நானே நடந்து வந்துக்கறேன்."